கோச்சி வராத கரையில் இரண்டு எஞ்சின்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் சொல்லித் தெரிவதைவிட நானே சொல்வது மரியாதை.

ஜப்பானில் செய்த ஒரு குட்டி எஞ்சினுக்கு நான் தேங்காய் எண்ணெய் போட்டேன்.

தலைக்கு வைக்கிற அதே எண்ணெய்தான். எஞ்சின் ஓடும்போது கிறீச் கிறீச் என்று சத்தம் போட்டது. கதவுப் பிணைச்சல் சத்தம் போட்டால் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். ஈர்க்கில் முனையில் எண்ணெயைத் தொட்டு, பிஸ்மி சொல்லி, பற்சில்லுகளுக்கு ஒவ்வொன்றாக வைத்தேன். சத்தம் நின்றுவிட்டது. பெரிய மெக்கானிக் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு அஸர் தொழப் போனேன்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் சாரதி இருக்க வேண்டிய இடத்தில் எறும்பு இருக்கிறது. ஒரு யன்னலால் ஒரு நிரை உள்ளே போகிறது, மற்ற யன்னலால் ஒரு நிரை வெளியே வருகிறது. சுவிச்சைப் போட்டேன். எஞ்சின் ஓடியது. எறும்புகளும் கூடவே ஓடின. என் கோச்சி தொடங்கிய நாளிலிருந்து அதில் ஏறிய முதல் பயணிகள் அவர்கள்தான். டிக்கெட் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த எஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் நடுவிரல் நீளம் இருக்கும். அது ஓடுகிற தண்டவாளத்தின் அகலம் சுண்டுவிரல் அகலம். உண்மையான எஞ்சினை நூற்றைம்பது பங்காக்கி அதில் ஒரு பங்கை எடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஆனால் ஏணியிலிருந்து கைப்பிடிக் கம்பிவரை எல்லாம் உண்டு. உலகம் முழுக்க இந்த விளையாட்டை விளையாடுகிற பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். டொக்டர்மார், நீதவான்மார், கப்பல் கெப்டன்மார் எல்லாம் இருக்கிறார்கள். நான் தபால் கந்தோரில் கவுண்டரில் இருந்து முத்திரை விற்று ஓய்வுபெற்றவன்.

எங்கள் பக்கத்தில் ரயிலைக் கோச்சி என்பார்கள். அப்படிச் சொல்வார்களே தவிர கோச்சி இங்கே வராது. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடும். அங்கிருந்து தெற்கே கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எல்லா ஊருக்கும் கடலோரத்தால் பஸ்தான். அதனால் நான் கோச்சி வைத்திருக்கிறேன் என்ற செய்தி ஊரில் பரவியபோது, பள்ளிவாசல் வாசலில் செருப்புத் தேடும் நேரமெல்லாம் எனக்கு ஒரு கேள்வி காத்திருந்தது.

"காக்கா, கல்முனைக்குக் கோச்சி வந்திட்டாமே?"

"வீட்டு ஹோல் வரைக்கும் வந்திட்டு. வாசலால வெளியே எடுக்கத்தான் அனுமதி கிடைக்கல்ல."

அனுமதி என்று சொன்னது பகிடிக்கில்லை. எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளை கல்யாணத்தன்று ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போய்ச் சேருவான். நான் பிறந்த நிந்தவூர் வீடு தங்கச்சிக்குப் போனது. நான் கல்முனைக்குடிக்கு வந்தேன். அப்போது அது மாமியின் வீடு. பிறகு என் மனைவியின் வீடு. மகளுக்கு நிக்காஹ் முடிந்ததும் மகளின் வீடு. ஒரே திண்டுச் சுவர், ஒரே கிணறு; வீட்டுக்காரிகள் மட்டும் மாறிக்கொண்டிருந்தார்கள். நான் மூன்று தலைமுறைக்கு விருந்தாளி. மனைவி மௌத்தாகிவிட்டாள். மகளும் மருமகனும் பிள்ளைகளும் கட்டாரில். இப்போது வீட்டில் நானும் ஒரு சாவிக்கொத்தும் இருக்கிறோம். காவல் காக்கிற வாட்சர் வேலை என்று சொல்லலாம். ஆனால் வாட்சருக்கு லீவு உண்டு.

முதல் எஞ்சினை மருமகன்தான் கொண்டுவந்து தந்தார். வேலை விஷயமாக ஜப்பானுக்குப் போனவர், மாமனார் சும்மா இருந்து சுவரைப் பார்க்கிறாரே என்று இரக்கப்பட்டு ஒரு பெட்டி வாங்கிவந்தார். உள்ளே எஞ்சின், ஒரு வட்டம் போடத் தண்டவாளம். அதன்பிறகு நான் சுவரைப் பார்க்கவில்லை. ஆனால் வட்டம் பெருத்துக்கொண்டே போனது. வீட்டுக்காரியான மகளுக்குப் போன் எடுத்தேன்.

"மகள், ஹோலுக்குள்ள ஒரு மேசை போடவா?"

"என்ன மேசை வாப்பா?"

"கோச்சிக்கு."

"எந்தளவு?"

"உம்மாட கட்டிலளவு."

அந்தக் கட்டிலை மனதுக்குள் அளந்திருப்பாள். பிறகு சொன்னாள்: "போடுங்க. சுவருல மட்டும் ஆணி அடிச்சிராதீங்க."

ஆணி அடிக்கவில்லை. மேசை போட்டேன். தண்டவாளத்தை வளைத்து ஒரு சுற்று, நடுவில் நிலையம், நிலையத்துக்குப் பின்னால் தீப்பெட்டியளவில் தகரக் கூரை போட்ட ஒரு வீடு. அந்த வீடு மட்டும் முழுக்க என்னுடையது. அதற்குள் குடியிருக்க நான் என்னை நூற்றைம்பது பங்காக்க வேண்டியிருக்கும். பார்ப்போம், வயது போகப் போகச் சுருங்கிக்கொண்டுதானே வருகிறேன்.

நிலைய மேடையில் நிற்கவென்று அரிசி மணி அளவில் ஆட்களும் வாங்கியிருந்தேன். பெட்டி தூக்கிய ஒருவர், குடை பிடித்த ஒரு பெண், வாங்குப் பலகையில் இருக்கும் இரண்டு பேர். ஒருநாள் பக்கத்து வீட்டு மச்சான் தேங்காய் கொண்டுவந்து கொடுத்தவர் மேசையைக் குனிந்து பார்த்துவிட்டு, "மச்சான், நீ தொழுற ஹோல் இது. உருவம் இருக்கிற வீட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் நல்ல எண்ணத்தில்தான் கேட்டேன். மனிசர்தான் வருவதில்லை, வானத்திலிருந்து மலக்குமாராவது வரட்டும் என்று எல்லோரையும் ஒரு மருந்துப் போத்தலில் போட்டு மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். அதிலிருந்து என் நிலையத்தில் கோச்சி வரும், நிற்கும், போகும். ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை.

கடல் காற்று வேறு. எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு நடந்தால் வியர்வை வருவதற்குள் போய்விடலாம். அந்த உப்புக் காற்றுக்குத் தண்டவாளம் கறுக்கும். கறுத்தால் மின்சாரம் போகாது, எஞ்சின் இழுத்து இழுத்து நிற்கும். தினமும் அஸருக்குப் பிறகு ஒரு பழைய பெனியன் துணியை எடுத்து ஒரு சுற்று முழுவதும் துடைப்பேன். துடைத்து முடித்து ஓட விடுவேன். ஓடுவதைப் பார்த்துக்கொண்டு பாலில்லாமல் ஒரு பிளேன்ட்டி. பிறகு மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிடுவார்கள். யாராவது வந்து "அட, ஓடுதே" என்று ஒரு வார்த்தை சொன்னால் நன்றாயிருக்கும் என்று தோன்றும். யாருமில்லாத நேரம் அதையும் நானே சொல்லிவிடுவேன்.

போனில் எனக்கு ஒரு கூட்டம் கிடைத்தது. நாட்டில் குட்டிக் கோச்சி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்த குழு. கொழும்பு, கண்டி, குருநாகல் ஆட்கள்தான் அநேகம். சிங்களமும் ஆங்கிலமும் கலந்து எழுதுவார்கள். நான் தபால் கந்தோர் ஆங்கிலத்தில் எழுதுவேன். எந்த வசனமும் 'தயவுசெய்து' என்றுதான் தொடங்கும். அங்கே ஓயாத சண்டை ஒன்று உண்டு: எந்த எஞ்சின் நல்லது?

நான் கவனித்த வரையில், ஒரு மனிதரிடம் அவருக்குப் பிடித்த எஞ்சினைக் கேட்டால் போதும், பிறகு அவரைப் பற்றி வேறொன்றும் கேட்கத் தேவையில்லை. கொழும்பில் ஒரு கண் டொக்டர். அமெரிக்காவில் மலை ஏறிய மிகப் பெரிய நீராவி எஞ்சின்தான் அவர் உயிர். அது அவர் வீட்டு மேசையின் வளைவில் திரும்பாது. அதனால் நேரே ஒரு முழம் போய், நேரே ஒரு முழம் பின்னால் வரும். கண்டிக்காரர் ஒருவருக்கு நம் நாட்டு எம்-2 டீசல் எஞ்சின். கனடாவிலிருந்து அந்தக் காலத்தில் வந்தது, இன்னும் ஓடுகிறது. அதை இந்தச் சின்ன அளவில் செய்து விற்கிறவர்கள் இல்லாததால், வேறொரு எஞ்சினை வாங்கி மூக்கை அராவி, நிறம் பூசி, தானே செய்துவிட்டார். படத்தில் பார்த்தால் கண்ணீர் வரும். குருநாகல் தம்பி ஒருவருக்கு அம்பு போல ஓடும் ஜப்பான் கடுகதி. அதை எஞ்சின் என்றே ஒத்துக்கொள்ள முடியாது என்று முதியவர்கள் எல்லோரும் சேர்ந்து அவரை அடிக்கடி நெருக்குவார்கள்.

எனக்குப் பிடித்தது மருமகன் கொண்டுவந்த அந்த டி.ஈ-10. அழகில்லாத எஞ்சின். ஒரு பக்கம் மூக்கு நீளம், மறுபக்கம் கட்டை. நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாகச் சாரதி அறை. தூரப் பயணம் போகிற எஞ்சின் அல்ல அது. நிலையத்து வளவுக்குள்ளேயே நின்று, வருகிற பெட்டிகளை இந்தப் பாதையிலிருந்து அந்தப் பாதைக்குத் தள்ளிக் கொடுக்கிற எஞ்சின். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை மாகோவுக்குப் போட்டார்கள். கோச்சிச் சந்தி அது. சிங்களம் சரியாக வராது, ஊரில் ஒருவரையும் தெரியாது. தங்கியிருந்த அறை யன்னலைத் திறந்தால் வளவு. அங்கே இதே சாயலில் ஒரு குட்டி எஞ்சின் பகல் முழுக்க முன்னால் போகும், பின்னால் வரும். எல்லாக் கோச்சியும் எங்கெங்கோ போகும், அது மட்டும் போகாது. அதன் சாரதி என்னைக் கண்டால் கையை உயர்த்துவார். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் ஸலாம் அது.

குழுவில் இதை எழுதினேன். அதற்கு ஒருவர் போட்ட பதில்: "அது எஞ்சின் அல்ல. தள்ளுவண்டி."

அவர் டி-51 கட்சி. டி-51 என்பது ஜப்பானின் கறுப்பு நீராவி எஞ்சின். நீண்ட உடம்பு, புகைபோக்கி, பக்கத்துக்கு நான்கு பெரிய சில்லு. அவர் போடும் படம் எப்போதும் ஒன்றுதான்: கறுப்புத் துணியில் வைத்த எஞ்சின், சுற்றிவர ஒன்றுமில்லை. ஏன் பிடிக்கும் என்று யாரோ கேட்டதற்கு, "பார்க்க எஞ்சின் மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். நான் பக்கம் பக்கமாக எழுதினால் அவர் ஒரு வரியில் வெட்டுவார். நான் கடிதம், அவர் தந்தி. கொழும்பு ஏழில் பெரிய வளவில் இருக்கும் ஏதோ துரை என்று நினைத்திருந்தேன்.

எறும்பு ஊர்வலம் நடந்த அன்று அதை வீடியோ எடுத்து, நான் எறும்புகளோடு தமிழில் கதைக்கிற சத்தத்தோடு குழுவில் போட்டேன். கண் டொக்டர் எறும்பெல்லாம் மாதிரி உருவம் என்று நினைத்து, இவ்வளவு சின்னதை எந்தப் பசையால் ஒட்டினீர்கள் என்று கேட்டார். கண் டொக்டர்! மற்றவர்கள் சிரிப்பு முகங்களாகப் போட்டார்கள். அப்போது தனியாக ஒரு செய்தி வந்தது. தமிழில்.

"தேங்காய் எண்ணெயா?"

டி-51 துரை.

"ஓம்" என்று எழுதினேன்.

"தையல் மெசின் எண்ணெய் போடுங்க."

"நீங்க தமிழா? எந்த ஊர்?"

"ஆலையடிவேம்பு."

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். ஆலையடிவேம்பு அக்கரைப்பற்றுக்குப் பக்கம். இங்கே பஸ் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழும்பினால் இறங்கும் இடம். கோச்சி வராத இந்தக் கரையில், கோச்சிப் பைத்தியம் பிடித்த இரண்டே இரண்டு பேர், ஆளை ஆள் கொழும்பென்று நினைத்து ஆங்கிலத்தில் அடிபட்டிருக்கிறோம்.

பிறகு தினமும் கதைத்தோம். கதைத்தது நான், முடித்துவைத்தது அவர். வயல் செய்கிற மனிதர். ஜப்பானில் வேலை செய்யும் மகன் அந்த எஞ்சினை அனுப்பியிருந்தான். எஞ்சின் மட்டும்தான், தண்டவாளம் இல்லை. கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பார்க்கிறார், ஒருநாள்கூட ஓடவிட்டதில்லை. வீடு நிறைய ஆட்கள், மனைவி, மகள், பேரப்பிள்ளைகள். "ஓடாத எஞ்சின்" என்று பேரப்பிள்ளைகள் பகிடி பண்ணுகிறார்களாம். என்னை அவர் முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல 'காக்கா' என்பார், நான் அவரை 'அண்ணன்' என்பேன். யார் மூப்பென்று இருவரும் கேட்கவில்லை. கேட்டால் ஒருவர் தம்பியாக வேண்டிவரும்.

எனக்கு ஓட விடத் தண்டவாளம் இருக்கிறது, பார்க்க ஆளில்லை. அவருக்குப் பார்க்க ஆளிருக்கிறது, ஓட விடத் தண்டவாளம் இல்லை. இதைப் புரிய மாகோவில் வேலை செய்திருக்கத் தேவையில்லை.

"அண்ணே, எஞ்சினத் தூக்கிக்கிட்டு இஞ்ச வாங்க. என்ட பாதையில ஓட்டுவம்."

வாசித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலச் சரி விழுந்தது. பதில் அடுத்த நாள் வந்தது.

"ஞாயிற்றுக்கிழமை வாறன்."

மனைவி மௌத்தான பிறகு அந்த வீட்டுக்கு ஆள் வருகிறது என்று நான் கூட்டித் துடைத்தது அதுதான் முதல் தடவை. வருஷக் கத்தத்துக்கு ஆட்கள் வருவார்கள், ஓதுவார்கள், சாப்பிடுவார்கள். அது அவளுக்காக வருவது. இது எனக்காக வருவது. தண்டவாளத்தை இரண்டு சுற்றுத் துடைத்தேன். பாரைக்குட்டி மீன் வாங்கி ஆணம் வைத்தேன். தேங்காய்ப் பால் திரிந்தது. யாருக்கும் தெரியாமல் மறுபடி வைத்தேன், தெரிய ஆளிருந்தால்தானே.

பஸ் தரிப்பில் போய் நின்றேன். முகம் தெரியாது. ஆனால் இறங்கியவர்களில் ஒருவர் மட்டும் கம்பியைப் பிடிக்காமல், இரண்டு கையாலும் ஒரு துணிப் பையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"அண்ணனா?"

"காக்காவா?"

அவ்வளவுதான். வீடுவரை நான் கதைத்தேன்.

வந்தவர் கதிரையில் இருக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். வரம்பு பார்க்கிற நடை. நான் என் டி.ஈ-10க்குப் பின்னால் ஐந்தாறு பெட்டிகளைக் கொழுவி ஓட விட்டேன். அவர் முழங்காலை மடித்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவந்து, கோச்சி தன் முகத்துக்கு நேரே வந்து வளைந்து போவதைப் பார்த்தார்.

"நல்லா ஓடுது" என்றார். நான் இன்னொரு சுற்று ஓட விட்டேன்.

"ஸ்டேசன்ல ஆக்கள் எங்க?"

"எல்லாரும் பஸ்ஸில போயிட்டாங்க."

சிரிக்கவில்லை. பையிலிருந்து பிஸ்கற் டின்னை எடுத்தார். டின்னுக்குள் தலை துவட்டுகிற துவாய். துவாய்க்குள் டி-51. அதைத் தூக்கி வெளியே எடுத்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. என் எஞ்சின் நடுவிரல் நீளம் என்றேனே, இது ஒரு சாணுக்கும் மேலே. மேசைக்கு மேலே அவர் அதைப் பிடித்திருந்தபோது அதன் நிழல் என் நிலையத்தை முழுக்க மூடியது.

இந்தக் குட்டிக் கோச்சிகளில் சட்டைக்கு இருப்பதுபோல அளவுகள் உண்டு. என்னுடையது சின்னது. அவருடையது அதற்கு அடுத்த பெரிய அளவு, அதன் தண்டவாளம் ஏறக்குறைய இரட்டிப்பு அகலம். ஒரு வருஷமாகப் புகைபோக்கி, சில்லு, விளக்கு எல்லாவற்றுக்கும் அடிபட்டோம். எந்த அளவு என்று ஒருநாள்கூட நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்படி வேறு அளவுகள் இருக்கிறதென்றே அவருக்குத் தெரியாது. தெரிந்த நான், கறுப்புத் துணிப் படத்தைப் பார்த்துச் சின்னது என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையும் பெண்ணும் பேசி முடித்துக் கல்யாணத்தன்று ஆள் மாறிவந்த மாதிரி.

அவர் எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தார். சில்லுகள் இரண்டு பக்கமும் வெளியே தொங்கிச் சல்லிக்கல்லில் இருந்தன. சரியாக வைக்கவில்லை என்று நினைத்து, தூக்கி மறுபடி வைத்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை வைத்தார்.

அப்போது நான் அவர் பக்கத்தில் போய் நின்று, "அண்ணே, இது வேற அளவு" என்று மெதுவாகச் சொல்லியிருக்க வேண்டும். என் வாய் அப்படிப்பட்ட வாய் அல்ல.

"அண்ணே, இது எஞ்சினா, அரிசி ஆலையா?"

அவர் பார்த்தார்.

"கொஞ்ச நாளைக்கு நோன்பு புடிக்கச் சொல்லுங்க, மெலிஞ்சிரும். இல்லாட்டி என்ட கோச்சிய முழுசாத் தூக்கி இதுக்குள்ள வைப்பம்."

"இதில ஓடாதா?"

"ஓடாது அண்ணே. அளவு பெரிசு."

அவர் எஞ்சினை எடுக்கவில்லை. கையை அதன் மேலே வைத்துக்கொண்டு நின்றார்.

"பேரப்புள்ளையள் வீடியோ கேட்டதுகள்" என்றார்.

அதோடாவது நிறுத்தியிருக்கலாம். "கையால தள்ளி வீடியோ எடுப்பமா? என்னைத் தள்ளுவண்டிக்காரன் எண்டு சொன்னனீங்கதானே" என்றேன். சொல்லும்போது அது நல்ல பகிடியாகத்தான் இருந்தது.

டி-51 துவாய்க்குள் போனது. துவாய் டின்னுக்குள் போனது. சாப்பிட்டோம். மீன் எப்படி என்று கேட்டேன். "நல்லம்" என்றார். இன்னும் கொஞ்சம் போடவா என்றதற்கு, "போதும்." பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். தரிப்பில் அவருக்குப் பக்கத்தில் நின்று நான் இன்னும் மூன்று நான்கு பகிடி விட்டேன். பயம் வந்தால் எனக்குப் பகிடிதான் வரும். மற்றவர்களுக்கு வியர்வை வருவதுபோல. பஸ் வந்தது. இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டே ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. கை இரண்டும் வேலையாக இருந்தது, அதனால்தான் என்று வீடுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

பிறகு ஒன்றுமில்லை. செய்தி அனுப்பினேன், நீலச் சரி விழும், பதில் இல்லை. குழுவிலும் அவர் எழுதவில்லை. டி-51ஐக் குருநாகல் தம்பி 'பழைய இரும்பு' என்று சொன்ன நாளில்கூட வாய் திறக்கவில்லை. நான் தண்டவாளத்தைத் துடைப்பேன், ஓட விடுவேன், பிளேன்ட்டி குடிப்பேன். முன்னரும் அதைத்தானே செய்தேன். ஆனால் ஒருவர் முழங்காலை மடித்துப் பார்த்துவிட்டுப் போன மேசை பழைய மேசை மாதிரி இல்லை. எந்தப் பக்கத்தில் நின்றாலும் எனக்கு எதிர்ப்பக்கம் வெறுமையாகத் தெரிந்தது.

மகளிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று, சிரிப்பு வருகிற மாதிரித்தான் சொன்னேன்.

"அரிசி ஆலை எண்டா சொன்னீங்க?" என்றாள்.

"பகிடிக்கு மகள்."

"உம்மா இருந்திருந்தா ஒரு பார்வை பார்த்திருப்பா. நீங்க அதோட நிப்பாட்டியிருப்பீங்க."

உண்மைதான். என் மனைவி வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாள். விருந்தாட்கள் இருக்கும்போது நான் எல்லை மீறப் போனால், தட்டத்தை எடுக்கிற சாட்டில் ஒருமுறை என் பக்கம் திரும்புவாள். எனக்கு ஒரு பிறேக் இருந்தது. கழன்று போய்விட்டது. நான் இறக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

"பெரிய அளவுத் தண்டவாளம் எடுப்பமெண்டு பார்க்கிறன் மகள். அவர்ட எஞ்சினுக்கு ஒரு சுற்று. ஹோல் முழுக்கப் போகும். முன்கதவத் திறக்கேலாது. நான் பின்னால குசினிக் கதவால வந்து போவன்."

"அப்ப அந்த மனிசன் எந்தக் கதவால உள்ளுக்கு வாற?"

பெரிய தண்டவாள யோசனையை அத்தோடு விட்டேன்.

குழுவில் வருஷத்துக்கு ஒருமுறை வாக்கெடுப்பு வைப்பார்கள்: அவரவருக்குப் பிடித்த எஞ்சின் எது, ஏன் என்று எழுத வேண்டும். அது வந்தது. கண் டொக்டர் தன் மலை எஞ்சினுக்குப் போட்டார். கண்டிக்காரர் எம்-2க்கு. நான் வழமையாக டி.ஈ-10க்குப் போடுவேன், எல்லோரும் ஏசுவார்கள். இந்தமுறை டி-51க்குப் போட்டேன். 'ஏன்?' என்ற இடத்தில், "நேரில் பார்த்தேன். பார்க்க எஞ்சின் மாதிரி இருக்கிறது" என்று எழுதினேன். எனக்கு ஏதோ சுகமில்லையோ என்று கண் டொக்டர் தனியாக விசாரித்தார்.

அண்ணன் அதையும் பார்த்தார். ஒன்றும் எழுதவில்லை.

அன்று பின்னேரம் துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, போனை எடுத்து அவருக்கு எழுதினேன். முதலில் எழுதியதில் அரிசி ஆலைக்கு மன்னிப்புக் கேட்டு, அந்த மன்னிப்பிலேயே இன்னொரு பகிடி வந்துவிட்டது. அழித்தேன். இரண்டாவதில் எஞ்சினுக்கு ஸலாம் சொல்லியிருந்தேன். அழித்தேன். ஒவ்வொன்றாகப் பகிடியை எடுக்க எடுக்கக் கடிதம் சின்னதாகிக்கொண்டே வந்து, கடைசியில் அவருடைய செய்திகள் மாதிரியே ஆகிவிட்டது.

"அண்ணே, எஞ்சின் வேணாம். நீங்க மட்டும் வாங்க. சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு. வீட்டில நான் தனியத்தான்."

கடைசி வசனத்தையும் அழிக்கப் போனேன். விரல் வழுக்கிப் போய்விட்டது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் வழுக்கவில்லை. அனுப்பினேன்.

நீலச் சரி விழுந்தது. மஃரிப் தொழுதுவிட்டு வந்து பார்த்தேன், இல்லை. அடுத்த நாள் சந்தைக்குப் போய்வந்து பார்த்தேன், இல்லை. இனிப் பார்ப்பதில்லை என்று போனை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, தண்டவாளத்தில் விட்ட பாதியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது ஒருமுறை அதிர்ந்தது. துணியோடு போய் எடுத்துப் பார்த்தேன்.

"சனிக்கிழமையில நான் மரக்கறிதான். மீன் வைக்காதீங்க."